அப்பாவின் பிரஷில் முடி கொட்டிய கதை

எங்கள் வீட்டில் முதலில் வழுக்கை விழுந்தது அப்பாவுக்கு அல்ல, அவருடைய ஷேவிங் பிரஷுக்கு. காரணம் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பிளஸ் டூ முடித்திருந்த அக்காவுக்கு நெயில் ஆர்ட் பைத்தியம். செல்போன் வீடியோவில் வருகிற பெண் வரிசையாகச் சாமான்களை அடுக்கிக் காட்டுவாள். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் அதெல்லாம் ஏது? புள்ளி வைக்க ஹேர்பின்னின் உருண்டை முனை. அதைவிடச் சின்னப் புள்ளிக்குத் தீர்ந்துபோன ரீஃபில். இரண்டு கலரைக் கலந்து ஒற்ற, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. பழகிப் பார்க்க என் பத்து விரல்கள். ஞாயிற்றுக்கிழமை பூப்பூவாக இருந்த நகங்களைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மெல்லிய கோடு போடும் பிரஷுக்குத்தான் மாற்று கிடைக்கவில்லை. துடைப்பக் குச்சி தடிமன். பக்கத்து வீட்டுப் பூனையின் வாலில் முடி கத்தரிக்கப் போய், கையில் மூன்று கோடு வாங்கி வந்தேன். அப்புறம்தான் அப்பாவின் ஷேவிங் பிரஷ் கண்ணில் பட்டது. பத்து முடி, ஓர் ஊதுபத்திக் குச்சி, கொஞ்சம் நூல். கோடு தலைமுடி மாதிரி விழுந்தது. ஆனால் நான்கு நாளில் பாலிஷ் காய்ந்து முடி விறைத்துவிடும். மறுபடி பத்து முடி.

ஒருநாள் அப்பா நுரையோடு கண்ணாடி முன் நின்று முனகினார்.

"என்னடா இது, பிரஷ்ல நடுவுல ஒண்ணத்தையும் காணோம்?"

"நம்ம ஊரு தண்ணி உப்புப்பா. அதான் கொட்டுது."

"அப்படியா? அப்ப உன் தலையையும் பாத்துக்கடா."

அப்பா நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

அக்காவுக்கு பியூட்டிஷியன் கோர்ஸ் சேர ஆசை. "நகத்துல புள்ளி வெக்க ஒரு படிப்பா?" என்று அப்பா ஒரே வரியில் முடித்திருந்தார். சித்திக்கு நிச்சயதார்த்தம் வந்தபோதுதான் வழி பிறந்தது. "என் கைய நல்லா பண்ணிக் குடுடி. மாப்ள வீட்டுக்காரங்க மெச்சுனா உங்கப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள் சித்தி.

நிச்சயதார்த்தம் அண்ணாமலை நகரில், மாமாவின் குவார்ட்டர்ஸில். அக்கா எல்லாவற்றையும் ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கி, பஸ்ஸில் என்னிடம் கொடுத்தாள். நல்ல ஆளிடம் கொடுத்தாள். முன் சீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பிடரியில் பாக்ஸில் இருந்த ஊதுபத்திக் குச்சிப் பிரஷால் லேசாகக் கோடு போட்டேன். ஈ என்று நினைத்து அறைந்துகொண்டார். மறுபடி போட்டேன். மறுபடி அறைந்துகொண்டார். மூன்றாவது முறை சட்டென்று திரும்பினார். நான் பயந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட, பிரஷ் புதுச்சத்திரத்தில் இறங்கிக்கொண்டது.

மாமா வீட்டில் புள்ளிகள் முடிந்து, கோடு போட அக்கா பாக்ஸைத் துழாவினாள்.

"டேய், பிரஷ் எங்கடா?"

"எனக்கென்ன தெரியும்? உன் பாக்ஸு."

"மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரம்டா! சொல்லித் தொலை!"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. சித்தி விரல்களை விரித்துப் பேய் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி, அம்மை போட்ட மாதிரி இருக்குடி. இப்படியேவா போய் உக்காருறது?"

சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார். அக்காவை, சித்தியின் நகங்களை, கடைசியாக என்னை. போய்த் தன் தோள்பையைத் திறந்து, அந்த வழுக்கைப் பிரஷை எடுத்து வந்து அக்கா முன்னால் வைத்தார்.

"உப்புத் தண்ணியில கொட்டிப் போச்சு. தூக்கித்தான் போடணும். வேணும்னா எடுத்துக்க."

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

மோதிரம் போடும்போது மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையை விடவே இல்லை. "எந்த பார்லர்மா?" என்று கேட்டார். சித்தி பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எம் பொண்ணுதாங்க. இனிமேதான் கோர்ஸ் சேக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். என் நினைப்பு வேறு. உப்புத் தண்ணீர் என்று நான் சொன்ன பொய்யை அப்பா இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. காலையில் வீட்டிலேயே மழமழவென்று ஷேவ் செய்துவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடும் பயணத்துக்கு அந்தப் பிரஷைப் பையில் எதற்காக எடுத்து வைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.