டீ நிறக் காடைகள்

தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் காடை வளர்த்த காலத்தில், எனக்கு ஒரே ஒருவரிடம்தான் பயம். மேடவாக்கத்து முட்டைக்காரர். என் குஞ்சுகளை ஒரு நாள் குஞ்சாகவே மொத்தமாக எடுத்துக்கொள்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு வேண்டியது முட்டையிடும் பெட்டை. பொரித்த அன்று காடையில் ஆண் எது, பெண் எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

"பாதிக்குப் பாதி சேவலாக் கீதுக்கா. தீனி போட்டே பேஜாராப் போச்சு. இந்த ஒரு வருசம் பாப்பேன், அப்புறம் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர் நின்றால் என் கூண்டுகளும் நிற்கும்.

அப்போது என்னிடம் விசித்திரமாக ஒரு பெட்டை இருந்தது. மற்றதெல்லாம் கரும்புள்ளி போட்ட மண் நிறம். இவள் மட்டும் பால் கூடிப்போன டீ நிறம். அந்த நிறத்தின் மேல் எனக்குப் பைத்தியம். சாதாரணச் சேவலோடு சேர்த்தேன். பொரித்த அத்தனையும் மண் நிறம்! கடுப்பில், வழக்கப்படி ஐந்தாம் வாரம் சேவல்களை எல்லாம் பிரியாணிக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவின் நிறம் அந்த மகன்களுக்குள்தான் மறைந்திருந்தது என்று எனக்கு எங்கே தெரியும்? நல்ல வேளை, கால் கோணலான ஒருவனைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

வேறு இடமில்லாமல் அவனைத் தாயின் கூண்டிலேயே போட்டேன். அடுத்த ஈட்டில் டீ நிறக் குஞ்சுகள் வந்தன, சேவல்களும் சேர்த்து. அதில் ஒரு சேவலை மண் நிறப் பெட்டைகளோடு விட்டேன். பொரித்த அன்றே பொரிப்பான் தட்டில் இரண்டு நிறம். வளர்த்துப் பார்த்தால், டீ நிறம் எல்லாம் பெட்டை, மண் நிறம் எல்லாம் சேவல். நம்பாமல் மறுபடி ஓர் ஈடு பொரித்தேன். அதே கதைதான். மகளுக்கு அப்பா நிறம், மகனுக்கு அம்மா நிறம். அன்று மாடியில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

வருடம் முடியும் தறுவாயில் முட்டைக்காரரை வரவழைத்து, டீ நிறக் குஞ்சுகளை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்தேன்.

"எல்லாம் பெட்டை."

"இன்னாக்கா, ஜோசியமா?"

"ஒண்ணு கூவினாலும் அத்தனையும் திருப்பிக் கொண்டாங்க. கூண்டையே பிரிச்சுடறேன்."

வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேனே தவிர, குஞ்சுகள் முட்டையிடும் பருவம் வரும்வரை ஏழு வாரமும் தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே அவர்தானோ என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் வந்தார். கையில் காலிப் பெட்டி.

"ஒண்ணுகூடக் கூவலக்கா. எல்லாம் முட்டை வுடுது. இனிமே இந்தக் கலர் குஞ்சு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"வரிசையில வாங்க சார். பல்லாவரத்துக்காரர் உங்களுக்கு முன்னாடியே கேட்டுட்டாரு" என்றேன்.

பல்லாவரத்துக்காரர் என்று ஒருவரும் கிடையாது. ஆனால் அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.