மருந்தடித்த சட்டை

கொரோனா ஓய்ந்த மறுவருடம் நடந்தது இது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். கணவர் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்பே பூப்பறிக்கப் போக வேண்டும். எனக்கும் மாமியாருக்கும் அதுதான் வேலை.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. நிம்மதியாக அழக்கூட விடாமல் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பப்பாளி தின்றிருப்பாள் என்றார் ஒருவர்; எனக்குப் பப்பாளி வாசனையே ஆகாது. பஸ்ஸில் அலைந்ததுதான் காரணம் என்றார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். மாமியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

இரண்டாவது முறை நாள் தள்ளியதும் அவர் ஒரே பிடியாக நின்றார். பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சி கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் பங்குப் பூவையும் இடுப்புவலியோடு அவரே பறித்தார். நான் வீட்டிலேயே இருந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது; சமையலையும் துணி துவைப்பதையும் முழுசாக எடுத்துக்கொண்டேன். மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்துவிட்டு வந்து கணவர் கழற்றிப் போடும் சட்டையும் லுங்கியும் அதில் அடக்கம். வாடை போக வேண்டுமே என்று ஊறவைத்து, கையாலேயே கசக்கிப் பிழிவேன். சில நாள் தலை சுற்றும். மசக்கை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கர்ப்பமும் தங்கவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு லேடி டாக்டரிடம் மூவருமாகப் போனோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பெரிதாகக் குறை எதுவும் தெரியவில்லை என்றார். அப்புறம் என்ன தொழில் என்று விசாரித்தார். தோட்டத்துப் பக்கமே இவளை விடுவதில்லை என்று மாமியார் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"மருந்தடிச்ச துணிய வீட்டுல யாரு துவைக்கிறது?" என்று கேட்டார் டாக்டர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் என்றேன்.

அவர் திட்டவில்லை. அந்த விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கர்ப்பத்துக்கு ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். "இதனாலதான் கலைஞ்சதுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இனிமே நீங்க அதத் தொடக்கூடாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதுதான் என்று சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தாலாவது விட்டுத் தொலைத்திருப்பேன்.

பஸ்ஸில் கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நேராகப் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லருகே நின்றார். பதறிப்போய் நானும் பின்னாலேயே போனேன்.

"நானுந்தேன் கல்யாணமான நாள்லருந்து உங்க மாமா சட்டையத் தொவச்சேன்" என்றார். டாக்டர் சொன்னதை மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கல்லின் மேல் கையை வைத்து, "ஒம்புருசனுக்கு முன்னால எனக்கும் ரெண்டு தங்கல, தாயி" என்றார்.

என் கணவருக்கே தெரியாத விஷயம் அது. மாமியாரிடமும் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். தோட்டத்துக்கு விடாமல் என்னை வீட்டில் வைத்தவர் என்று அவர் மேல் கோபமும் வந்தது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து கணவர் கையுறை போட்டுக்கொண்டு தன் துணியைத் தனியாகத் தானே துவைக்கிறார். அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தத் துணியைத் தொடாததாலா, அந்தோணியாராலா, இல்லை தானாகவே தங்கினாளா? யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

இப்போது அவள் ஓடித் திரிகிற வயது. மருந்தடித்துவிட்டு அப்பா வருவதைக் கண்டால் போதும், கையை நீட்டிக்கொண்டு ஓடுவாள். அவர் குளித்து வேறு துணி மாற்றும்வரை, "செத்த நேரம் இரு தாயி" என்று மாமியார் அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவள் திமிறுவாள், கத்துவாள், அவர் விடமாட்டார். அந்தப் பிடியைப் பார்க்கும்போதெல்லாம், அவர் பிடித்து வைத்திருப்பது என் மகளை மட்டும்தானா என்று எனக்கு இன்றும் குழப்பமாக இருக்கிறது.