லொறி நிற்க வேண்டிய கோடு

எழுத்து என் வேலை இல்லை. ஓ.எல். வரைதான் படித்தேன். நாலு பேர் நடுவில் எழுந்து என் பெயரைச் சொல்லக்கூடக் கூச்சப்படுகிறவள். இதைச் சொல்ல என்னைவிட என் மாமாதான் பொருத்தமானவர். அவர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதால் நான் எழுதத் துணிந்தேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது யுத்த காலம். ஹேவாஹெட்டையில் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கண்டி டவுனுக்கு வந்த அப்பா, மொத்த அரிசிக் கடையொன்றில் மூட்டை தூக்கினார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் அங்கேதான் வேலை. கடையின் தரை தெருவிலிருந்து ஓர் ஆளின் நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. லொறி பின்பக்கமாக வந்து நிற்கும். லொறிக்கும் கடைக்கும் நடுவில் நீளப் பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல்தான் மூட்டையோடு நடக்க வேண்டும்.

அந்தப் பலகை விஷயத்தில் அப்பா முதலாளிக்கே முதலாளி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். மழையென்றால் சாக்கு விரிக்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அடியில் நாய்கூடப் படுக்கக் கூடாது. லொறியின் பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில், தெருவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பார். லொறி தள்ளி நின்றால் பலகையின் நுனி மட்டும் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். பாரத்தோடு நடக்கும்போது நழுவிவிடும். முதலாளி இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். ஆனாலும் அப்பாவைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்கு எனக்குச் சட்டைத் துணியும் கொடுப்பார்.

அந்த வருடம் கடையை ஒட்டி மணல் மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டார்கள். லொறி பழைய இடத்துக்கு வர வழியில்லை. புதிதாகக் கோடு போட வேண்டியிருந்தது. நான் மத்தியானச் சோறு கொண்டுபோனபோது, அப்பா பாதத்தோடு பாதத்தை ஒட்டி வைத்து மணல் மூட்டையிலிருந்து கடை வரைக்கும் அளந்துகொண்டிருந்தார்.

"மச்சான், தாலி கட்டக்கூட நீங்க இவ்வளவு பாக்கலியே" என்றார் மாமா.

"அதுல விட்டா புடிக்க ஒங்கக்கா இருந்தா. இதுல விட்டா புடிக்க யாருடா இருக்கா? நவுந்து நில்லு."

காவலில் நின்ற சிப்பாயும் சிரித்தான். தினமும் அப்பாவிடம் நெருப்புப்பெட்டி வாங்குகிறவன் அவன்.

கோடு பாதி போட்டிருக்கையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி, காவலரணை எதற்கு அளக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பாவின் சிங்களம் ஏற்று, இறக்கு, மெதுவாக என்பதோடு முடிந்துவிடும். பலகையைக் காட்டினார். லொறி, லொறி என்றார். அதிகாரி சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். விளக்கம் சொல்லப்போன மாமாவைத் துப்பாக்கியால் தள்ளி நிறுத்தினார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டு, இவன் உன் ஆளா என்று கேட்டார்கள்.

"நாட்கூலி, மாத்தயா. யார், எவர் என்று எனக்குத் தெரியாது" என்றார் அவர், எனக்கும் விளங்குகிற சிங்களத்தில்.

கலவரத்தில் ஒருமுறை எரிந்து, அவர் மறுபடியும் கட்டிய கடை அது. அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அவர் அப்பாவின் பெயரை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உதவி செய்கிற எண்ணத்தில், அப்பாவின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். வாழ்நாளில் நான் கூச்சப்படாமல் பேசியது அந்த ஒரு முறைதான். மாமா என் வாயைப் பொத்தினார்.

அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் சொன்னார்கள். மாமாவும் நானும் ஈரச் சாக்கால் தேய்த்தோம். அது முழுதாக மறைந்துவிட்டால் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, மாமா எழுந்த பிறகும் நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து மாமா வேலைக்குப் போனார். லொறி வந்தது. சாரதி குத்துமதிப்பாக நிறுத்தினார். பலகை நழுவி, மாமா மூட்டையோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்பாவை அன்றும் விடவில்லை.