சுடாத வெளிச்சம்

வெண்ணாற்றங்கரையில் நடக்க நடக்க என் கால்சட்டைப் பையிலிருந்து பொசுங்கிய மயிரின் வாசம் வந்துகொண்டிருந்தது. உள்ளே கிடந்த "வெங்கச்சங்கல்" என்ற வெள்ளைக்கற்கள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிய வாசம் அது. தலையில் பாயும் பானையுமாக அப்பா முன்னால் போனார். அம்மா எனக்கு நினைவு தெரியுமுன்பே இறந்துபோனவள். நாங்கள் இரண்டு பேர்தான். ஊரை விட்டுக் கிளம்பி அரை நாள் ஆகியிருந்தது. அதுவரை அவர் ஊரையும் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் வண்டலில் எவ்வளவு தோண்டினாலும் கல் கிடைக்காது. அந்தக் கற்கள் ரோடு போட லாரியில் வந்திறங்கிய ஜல்லிக் குவியலில் நான் பொறுக்கியவை. அந்த வருஷம் குறுவை கைக்கு வராமல் நெல் கொட்டும் "குதிர்" காலியாகக் கிடந்ததால், பட்டப்பகலில் அதற்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு, இருட்டில் கல்லோடு கல்லை ஓங்கி உரசுவேன். கல்லுக்கு உள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழுந்து அடங்கும். பஞ்சை வைத்தும் பார்த்திருக்கிறேன், பற்றாது. கல் பிளக்கும்போது அதற்குள் அடங்கிக் கிடக்கும் விசை இப்படிச் சூடில்லாத ஒளியாகவும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் வெளியேறும் என்று, வெகுகாலம் கழித்து ஒரு குவாரிக்குப் பாறையைச் சோதிக்க வந்தவர் சொன்னார். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது அது சுடாது என்பது மட்டும். தெரிந்திருந்தும், பண்ணைக் காரியஸ்தர் மகனைக் குதிருக்குள் இறக்கிக் காட்டி, "நெனச்சா உங்க வைக்கப்போரையே கொளுத்திடுவேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம் அது. நாங்கள் பயிரிட்ட நாலு மா நிலத்துக்கு அப்பாவும் விவசாயச் சங்கத்தில் சேர்ந்து தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருந்தார். கொஞ்ச நாளில் பண்ணை வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த தீயென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் பண்ணைக் களத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

"வாங்க தலைவரே," என்றார் காரியஸ்தர் அப்பாவிடம். "பையன் கையில தீய வச்சுக்கிட்டு அலையறானாமே? சொல்லிக்குடுத்தது நீங்களா, உங்க சங்கமா?"

"எட்டு வயசுப் புள்ளைங்க. வெளையாட்டுக்குச் சொன்னதுங்க."

நான் முந்திக்கொண்டு, ஒரு பிடி வைக்கோலைத் தரையில் போட்டு அதன்மேல் கற்களை உரசினேன். வைக்கோல் எரியவில்லை. ஆனால் அந்த வெயிலில் வெளிச்சமும் தெரியவில்லை.

"என்னடா, ஒண்ணையும் காணோம்? கல்ல மாத்திக் கொண்டாந்துட்டியா?"

"இருட்டுலதான் தெரியுங்க. எங்க குதிருக்குள்ள வாங்க, காட்டறேன்."

"இந்தத் தொப்பையோட உன் குதிருக்குள்ள நான் எறங்கணுமாக்கும்!"

களமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் அப்பாவிடம் சொன்னார்: "போலீசுக்குப் போனா பையன் பேரும்தான் வரும். மனுவ வாபஸ் வாங்கிட்டு ஊரை விட்டுப் போயிடுங்க."

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தார். நாலு மா போயிற்று.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று சாயங்காலம் வல்லம் மேட்டில் மழை பிடித்துக்கொள்ள, ஒரு ரோட்டுப் பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். உள்ளே நல்ல இருட்டு.

"அந்தக் கல்லு இருக்கா?"

வீசி எறியப்போகிறார் என்று பயந்துகொண்டே நீட்டினேன்.

"நீயே காட்டு."

உரசினேன். வெளிச்சம் எழுந்தது. இன்னொரு தரம் உரசச் சொல்லி, விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"சுடவே இல்லையேடா," என்றார்.

அதுவரை அவரும் நான்தான் கொளுத்தினேன் என்று நினைத்திருக்கிறார்.

போன வருஷம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். பண்ணை வீடு இல்லை, எந்த வீட்டிலும் குதிர் இல்லை, நாலு மாவில் பெட்ரோல் பங்க் நிற்கிறது. இறங்கவில்லை.

பாலத்தடியில் தங்கிய மறுநாள் காலை, ரோட்டோரம் ஜல்லி உடைப்பவர்களிடம் வேலை கேட்டோம். அப்பாவுக்குப் பெரிய சுத்தியல், எனக்குச் சின்னது. வெள்ளைக்கல் சிக்கி உடையும்போதெல்லாம் அந்த வாசம் வரும்; அப்பா சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். வெயிலில் வெளிச்சம் தெரியாது.