சேசு ஏறிய பலகை

கத்தரிக்காய் மூட்டையோடு, லாரியில் சாய்த்துப் போட்ட பலகையில் பாதி ஏறியிருந்தேன். கீழேயிருந்து கத்தினார்கள்: “ஏலே, கொக்கு போயிட்டான்லே! ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு.” பலகையில் பாதியில் திரும்ப முடியாது. மேலே போய் மூட்டையை இறக்கி வைத்த பிறகுதான் அழ முடிந்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நம் எல்லோருக்கும் கொக்கு என்கிற சேசுராஜைத் தெரியும். சாணார்பட்டிப் பக்கத்துக்காரன். மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. இந்த அஞ்சலியில் ‘அன்னார்’ என்று எழுதினால் பெட்டிக்குள்ளிருந்தே சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்குக் காதில் சீழ் வைத்தது. சீழ் வற்றியும் தலைச்சுற்றல் போகவில்லை. ஒருநாள் வெங்காய மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்தான். பெரிய அடி இல்லை. ஆனால் மண்டி முதலாளி, “கொஞ்ச நாளைக்கு ஏற வேண்டாமுங்க” என்று கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார். மூட்டை தூக்கியவன் அழுகல் காய் கூட்டினான்.

காது கெட்டதால் உடம்பின் நிதானம் போயிருக்கிறது, பயிற்சி செய்தால் திரும்பும் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காலையில் யோகா சொல்லிக்கொடுத்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நின்றான். “வாத்தியார் மரம் மாதிரி நிக்கச் சொல்றாரு மாப்ள. நான் காத்துல வாழை மாதிரி சாயுறேன்” என்று வந்து சொன்னான். முதலில் சுவரைப் பிடித்து நின்றான். பிறகு ஒரு விரலை மட்டும் சுவரில் வைத்தான். பிறகு சுவரே வேண்டாம் என்றான்.

டீ குடிக்கிற நேரத்தில் நாமெல்லாம் மூட்டைமேல் உட்கார்ந்திருப்போம். அவன் மட்டும் ஒரு பாதத்தை மறு தொடையில் வைத்து, கையைத் தலைக்கு மேல் கூப்பி நிற்பான். கொக்கு என்று பேர் வைத்தது நான்தான்.

“என்ன கொக்கு, மீன் ஏதும் சிக்குச்சா?”

“வாயை மூடு மாப்ள, மூச்சு கெட்டுரும்.”

சொல்லும்போதுகூடக் கண்ணை எடுக்க மாட்டான். லாரியின் பக்கப்பலகையில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். “காலைப் பாத்தா கால் ஆடும்லே. எதிர்ல ஒண்ணைப் புடி, அது உன்னையப் புடிச்சுக்கும்.” அவன் பேசிய பேச்சிலேயே உருப்படியானது அதுதான்.

மழைக்காலம் முடிந்ததும், “ஏறிக் காட்டுறேங்கய்யா” என்று முதலாளி முன்னால் போய் நின்றான். பனியில் நனைந்த ஈரப் பலகை. உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டோம். போனான், இறக்கினான், வந்தான். பலகைகூட அசையவில்லை. விசில் அடித்தோம். முதலாளியும் கைதட்டினார்.

“நல்லாத்தான் ஏறுறீங்க சேசு. இருந்தாலும் ஒருக்கா விழுந்த ஆளுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பேரு எனக்குத்தானுங்களே?”

சங்கத்திலிருந்து போய்ப் பேசினோம். மற்ற மண்டிகளிலும் கேட்டோம். விழுந்த ஆள் என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் அங்கே போயிருந்தது. நல்ல செய்திக்குத்தான் கால் கிடையாது போல.

கொடுமை அதோடு நிற்கவில்லை. கேரளா லாரிக்காரர்கள் வந்திருந்தபோது முதலாளி அவனைக் கூப்பிட்டு, “அந்தக் கொக்கு நிக்கிறதைக் காட்டுங்க” என்றார். பாவி மனுஷன், இன்னொரு பரீட்சை என்று நினைத்துவிட்டான். வேர்த்து ஊற்ற ஊற்ற நின்றான். சிரித்தார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். அவன் டீயைக் குடிக்காமல் முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தடவை கூப்பிட்டபோது, “ஏறுறதுக்குக் கத்துக்கிட்டதுங்கய்யா. வேடிக்கைக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போனான்.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக நின்றான். நம்மையும் நிற்க வைத்தான். தொப்பையும் நானுமாக நான் தடுமாறியதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு மார்க்கெட்டுக்கே கேட்டிருக்கும். நம் மண்டியில் பிறகு யாரும் பலகையிலிருந்து விழவில்லை. “என் ஆளுக விழ மாட்டாங்க” என்று முதலாளி வெளியூரில் பெருமை பேசினார். விழாமல் நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் கீழே கூட்டிக்கொண்டிருந்தான்.

செத்த அன்று ஊருக்குக் கொண்டுபோக முதலாளி லாரி அனுப்பினார். மாலையும் அனுப்பினார், குறை சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் அதே பலகையைப் போட்டோம். பெட்டியைத் தோளில் வைத்து ஏறும்போது அவன் சம்சாரம் செல்வி ஓடிவந்து பலகையைப் பிடித்துக்கொண்டது.

“பாத்துண்ணே, மெதுவா... அவுகளுக்குத் தலை சுத்தும்.”

இத்தனை வருஷம் ஏறக் கேட்டவனைக் கடைசியில் நாங்கள் மூட்டையாக ஏற்றினோம்.

காலைப் பார்க்காமல் எதிரே பார்ப்பதுதான் அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. இன்றைக்கும் அப்படித்தான் ஏறுகிறேன். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. பின்வரிசையில் தோள் கொடுத்தவன் நான். எதிரே பார்த்தால் பெட்டிதான் இருந்தது. காலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன், ஆடிக்கொண்டே.