எவுலாலியா டிராக்டரை மறித்த நாள்

கலிஃபோர்னியாவின் கெர்ன் பகுதியில் கோடை முடியும்போது மண் மாவாகிவிடும். பாதாம் தோப்புக்காக அந்த மண்ணை உழுதுகொண்டிருந்த நிக்கானோருக்கு இருமல் பிடித்தது. பிறகு காய்ச்சல், மூட்டுவலி, போர்வை நனையும் வியர்வை. மருத்துவமனையில் நெஞ்சுச்சளி என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்று திரும்பிப் போனால் அதே மாத்திரை. அவன் மனைவி எவுலாலியா அவனுடைய தட்டையும் தம்ளரையும் தனியே வைத்தாள். பிள்ளைகளை அவன் பக்கமே விடவில்லை.

தலைவலியில் அவன் பேச்சு குழறிய பிறகுதான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள்.

"மண்ணுல இருக்கற பூஞ்சைம்மா. புழுதியோட நுரையீரலுக்குள்ள போயிருக்கு. இப்ப மூளைச் சவ்வு வரைக்கும் பரவியிருச்சு. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும்" என்றார் டாக்டர்.

"பிள்ளைங்களுக்குத் தொத்துமா?"

"இவர்கிட்டேருந்து யாருக்கும் தொத்தாது."

அன்று வீட்டுக்குப் போனதும், இத்தனை மாதம் ஒதுக்கிவைத்திருந்த அவன் தட்டையும் தம்ளரையும் எல்லோருடையதோடும் சேர்த்து அடுக்கினாள்.

அவளும் அதே நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் பதிப்பவள். மறுநாள் காலை மேற்பார்வையாளர் ரொஹேலியோவின் வண்டி முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணாடியை விரலளவு இறக்கினார்.

"மண்ணுல இப்படி ஒரு நோய் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என் மச்சானுக்கே வந்துச்சு. அதான் மூக்குல துணி கட்டச் சொல்றேன்ல."

"புழுதி அடங்கத் தண்ணி தெளிக்கற லாரி?"

"முதலாளி செலவு பண்ண மாட்டாரு."

எவுலாலியா நேரே போய், ஓடத் தொடங்கிய டிராக்டரின் முன்னால் நின்றாள். ஓட்டுநர் அபுந்தியோ பதறிப்போய் நிறுத்தினான்.

"நகருங்க அக்கா, ஏறிடப்போவுது."

"ஏத்து. நாளைக்கு நீயும் இருமிக்கிட்டுத்தான் கிடப்பே."

அபுந்தியோ எஞ்சினை அணைத்தான். குழாய் பதித்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். ரொஹேலியோ ஓடிவந்தார்.

"வேலை போயிரும், சொல்லிட்டேன்."

"போகட்டும். என் புருஷன் படுத்தப்ப யாராவது எட்டிப் பாத்தீங்களா? தெரிஞ்சே புழுதிய மூச்சுல இழுக்க விட்டீங்களேய்யா."

மதியம் வரை யாரும் வேலையில் இறங்கவில்லை; அதற்கு மேல் தண்ணீர் லாரி வந்தது. அந்தப் பருவம் முழுக்க வந்தது. எவுலாலியாவை மட்டும் அதன்பின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். நிக்கானோர் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். டிராக்டர் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு ஞாயிறு திருப்பலியில், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம், முன்வரிசையிலிருந்து ரொஹேலியோ திரும்பிக் கையை நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவுலாலியா தன் கைகளைக் கட்டிக்கொண்டாள்.