உபயகாரர் வீட்டு வேலை

நாங்கள் இருக்கிற ஓர்லிகோனில் ட்ராம் ஏறி, மேட்டில் இருக்கிற ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு அமெரிக்கக் கிழவர், தனி ஆள். சமைக்க, குளிக்க வார்க்க, மருந்து கொடுக்க நான். அவருக்கும் இந்த நாட்டு ஜெர்மன் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நல்லாய்க் கதைத்தோம்.

அவருடையது பெரிய பணக்காரக் குடும்பம். அமெரிக்காவில் வலதுசாரிக் கட்சிக்காரர் தேர்தலில் நிற்க முந்தி அவருடைய தமையனிடம்தான் காசு கேட்டு வருவார்களாம்.

"உன்ர கிழவன்ர காசிலை அமெரிக்கா ஓடுது. நீ ட்ராமிலை ஓடு" என்று என் மனுசன் பகிடி விடுவார்.

ஒருமுறை அப்படித் தேர்தலில் நிற்கிற ஒருவர் இங்கேயும் வந்தார். மத்தியானம் சாப்பிட்டார். சூப்பில் உப்பில்லை என்றார் கிழவர். வந்தவரும் இல்லை என்றார். உப்பு நான் போட்டிருந்தேன்.

அகதிகளைத் திருப்பி அனுப்பவேணும் என்கிற ஆள் அந்த வந்தவர். நானும் அகதியாய் வந்தவள். கிழவருக்கு அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

கிழவரின் ஒரே மகள் அமெரிக்காவில் அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவ. "அந்த ஆளுக்குக் குடுக்கிற தேர்தல் காசிலை உங்கட பேரும் இருந்தால் நான் அங்க வரமாட்டன்" என்று ஃபோனில் சொல்லிப் போட்டா. கிழவருக்கு இருதயம் பழுது. டொக்டரும் கைவிட்டாயிற்று. சாக முந்தி மகளைப் பார்க்கவேணும், அவ்வளவுதான் அவருக்கு.

ஒருநாள் சாப்பிட்டபடி கேட்டார். "உங்கட கோயிலுக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின்ர உபயம். காசு கட்டுற ஆக்களுக்குத்தான் முதல் மரியாதை. அவை வந்தால்தான் ஐயர் பூசை தொடங்குவார்."

"குடும்பத்திலை ஒருத்தர் மாட்டன் எண்டால்?"

"மற்ற ஆக்கள் கட்டுவினம். திருவிழா நடக்கும்."

"சாமிக்குக் கோபம் வராதோ?"

"சாமிக்கு ஒண்டுமில்லை. நிர்வாகத்துக்குத்தான் வரும்."

சிரித்தார். இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிவிட்டேன்.

அன்று பின்னேரம் தமையனுக்கு ஃபோன் எடுத்துத் தன் பேர் வேண்டாம் என்று சொன்னார். தமையன் கோபப்படவில்லையாம். "உன்ர பங்கையும் நானே போடுறன். நீ உடம்பைப் பார்" என்றாராம். கிழவருக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் இல்லாட்டியும் ஒண்டும் குறையேல்லை" என்று சொல்லிவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த கிழமை மகள் வந்தா. வெளியே பனி கொட்டியது. அவ கோட்டைக் கழற்ற முந்தியே கிழவர் சொன்னார். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் விளங்கும்.

"காசு போகத்தான் போகுது. என்னாலை நிப்பாட்ட முடியேல்லை."

"தெரியும் அப்பா. பெரியப்பா எனக்கும் ஃபோன் எடுத்தவர்."

"பிறகேன் வந்தனீ?"

"பெரியப்பாவுக்கு மாட்டன் எண்டு நீங்கள் சொல்லி இதுக்கு முந்தி நான் கேட்டதேயில்லை."

கட்டிலில் குந்தினா. கிழவர் அவவின் கோட்டுக் கையைப் பிடித்தார். பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார். கோட்டைக் கழற்ற வழியில்லை. அவ ஆடாமல் அசையாமல் இருந்தா. நெற்றி வியர்த்தது.

நான் போய் ஹீற்றரைக் குறைத்தேன்.